வீட்டு நீச்சல்குள வேலியின் வரலாறு

வீட்டு நீச்சல்குள வேலி என்பது, தனியார் வீடுகளில் உள்ள நீச்சல்குளத்தைச் சிறு குழந்தைகள் தாமாக நெருங்கிவிடாதபடி அமைக்கப்படும் தடுப்பு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் இதற்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. பார்ப்பதற்கு மிக எளிய பொருள். நான்கடி உயரத்தில் ஒரு கம்பித் தடுப்பு, தானாக மூடிக்கொள்ளும் ஒரு கதவு, அவ்வளவுதான். ஆனால் அந்த வேலி எங்கே நிற்க வேண்டும் என்பது நீண்டகாலம் தீராத வழக்காக இருந்தது. வீட்டையும் குளத்தையும் ஒன்றாகச் சேர்த்து மனையைச் சுற்றி நிற்பதா, அல்லது வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் நிற்பதா? முதல் வகை வேலி அயலாரைத் தடுக்கும். இரண்டாவது வகை அந்த வீட்டுப் பிள்ளையையே தடுக்கும். எந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்பதை அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அறிந்த பிறகும் அதைச் சட்டமாக்குவது எளிதாக இருக்கவில்லை.

கொல்லைப்புறத்துக்கு வந்த குளம்

இரண்டாம் உலகப்போருக்கு முன்பு வீட்டில் நீச்சல்குளம் என்பது பெரும் செல்வர்களின் அடையாளம். போருக்குப் பின் நிலைமை மாறியது. இரும்புக் கம்பி வலையின் மீது கான்கிரீட்டைக் குழாய் வழியாகப் பீச்சியடிக்கும் முறை பரவியதால், குளம் கட்டும் செலவு குறைந்தது. எந்த வடிவத்திலும் கட்ட முடிந்தது. தோட்டக்கலை வடிவமைப்பாளர் தாமஸ் சர்ச் 1948-ல் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் அமைத்த டானல் தோட்டத்தின் சிறுநீரக வடிவக் குளம் பத்திரிகைப் படங்கள் வழியாக உலகெங்கும் அறியப்பட்டது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, அரிசோனா மாநிலங்களிலும், ஆஸ்திரேலியாவில் சிட்னி, பிரிஸ்பேன் புறநகர்களிலும் நடுத்தர வர்க்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் குளம் வந்துவிட்டது.

குளத்து நீரைத் தூய்மையாக வைப்பதற்கான வழி அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகக் குளத்தில் 1910-லேயே குளோரின் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். நோய் பற்றிய அச்சம் பழையது, அதற்கு விடையும் பழையது. புதியதாக வந்தது வேறு ஒன்று: சமையலறைக் கதவிலிருந்து பத்து அடி தூரத்தில் ஆளுயரத் தண்ணீர். நம் ஊர்க் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டு. ஊர்க் குளத்துக்கும் வீட்டுக்கும் இடையே தெருவாவது இருக்கும். இங்கோ தரையோடு தரையாக, நீல நிறத்தில், படியும் வைத்து, வரவேற்பறைக்கு நேர் எதிரே தண்ணீர் இருந்தது.

அயல்வீட்டுப் பிள்ளை

வேலி பற்றிய முதல் சிந்தனை தண்ணீரிலிருந்து வரவில்லை, ரயில்வேயிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பகுதியில் ரயில் எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையில் விளையாடிய ஆறு வயதுச் சிறுவனின் கால் நசுங்கியது. சிறுவன் அத்துமீறி நுழைந்தவன், ஆகவே தனக்குப் பொறுப்பில்லை என்றது ரயில்வே நிறுவனம். 1873-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குழந்தைகளைக் கவர்ந்திழுக்கும் ஆபத்தான பொருளைத் திறந்துபோட்டு வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்ற கோட்பாடு இந்த வழக்கிலிருந்து வளர்ந்தது. பிற்காலத்தில் நீச்சல்குளம் அந்தக் கோட்பாட்டின் வழக்கமான உதாரணமாயிற்று.

இதன் விளைவாக, குளம் வைத்திருப்பவர் தன் மனையைச் சுற்றி வேலி போட்டால் போதும் என்ற எண்ணம் நிலைபெற்றது. தெருவில் போகும் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை உள்ளே வராமல் இருந்தால் உரிமையாளர் கடமை முடிந்தது. சொந்தப் பிள்ளையைப் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1980-களில் அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா மாநிலங்களில் நடத்திய ஆய்வு காட்டியது. வீட்டுக் குளங்களில் மூழ்கிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒவ்வொருவரின் கதையையும் விசாரித்தார்கள். 65 விழுக்காடு குழந்தைகள் மூழ்கியது சொந்த வீட்டுக் குளத்தில். 33 விழுக்காடு உறவினர் அல்லது நண்பர் வீட்டுக் குளத்தில். அத்துமீறி நுழைந்து மூழ்கிய குழந்தைகள் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. பல ஆண்டுகளாக எந்தப் பிள்ளைக்காக வேலி போடப்பட்டதோ, அந்தப் பிள்ளை கணக்கில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

அந்த ஆய்வின் மற்ற எண்களும் படிப்பவரை நிறுத்திவிடுபவை. நான்கில் மூன்று பங்கு குழந்தைகள் ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலான சம்பவங்களில் தாயோ தந்தையோ, இருவருமோ அங்கேயே இருந்தார்கள். ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் கடைசியாகக் காணப்பட்ட இடம் குளக்கரை அல்ல, வீட்டின் உட்புறம். 69 விழுக்காடு குழந்தைகள் அந்நேரத்தில் குளத்தருகே இருப்பார்கள் என்று யாரும் நினைக்கவே இல்லை. 77 விழுக்காடு குழந்தைகள் கண்ணிலிருந்து மறைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

குழந்தை விழுந்தால் சத்தம் கேட்குமே என்று தோன்றலாம். கேட்பதில்லை. நியூயார்க்கின் ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, நீரில் மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, உண்மையில் மூழ்குபவர் கத்துவதும் இல்லை, கையசைத்து உதவி கேட்பதும் இல்லை என்பதை 1970-களில் எடுத்துக்காட்டினார். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் நொடியில் மூச்சிழுக்கவே நேரம் போதாது, குரல் எழுப்ப எங்கே நேரம்? தவழ்ந்து நடக்கப் பழகிய குழந்தை அந்த அளவு போராட்டம்கூட இல்லாமல் அமிழ்ந்துவிடும். "கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. கவனிக்க வேண்டிய நேரம் இது என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கும்போது மட்டுமே அது பயன்படும்.

பிரிஸ்பேன் மருத்துவர்கள்

இதே முடிவுக்கு உலகின் மறுபக்கத்தில் வேறு சிலர் முன்பே வந்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும், வீட்டுக்கு வீடு குளம். அங்கே குழந்தை மருத்துவர் ஜான் பியர்னும் ஆய்வாளர் ஜேம்ஸ் நிக்சனும் 1970-களில் நகரில் நீரில் மூழ்கிய குழந்தைகள் அனைவரைப் பற்றிய தகவலையும் திரட்டினார்கள். இறந்தவர்களை மட்டுமல்ல, பிழைத்தவர்களையும் சேர்த்தார்கள். 'பிரிஸ்பேன் மூழ்குதல் ஆய்வு' என்று அறியப்படும் இந்தத் தொடர் ஆய்வுகள் அந்தப் பத்தாண்டுகளிலேயே மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. அதுவரை தனித்தனிக் குடும்பத் துயரங்களாக இருந்தவை முதன்முறையாக ஒரு வகைமாதிரியாகத் தெரிந்தன.

1980-ல் வடக்குக் குயின்ஸ்லாந்தின் மல்கிரேவ் உள்ளாட்சிப் பகுதியைப் பற்றி, வேலி உயிர்களைக் காக்குமா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்ட ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பியர்னும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். பிறகு 1991-ல் பிட், பலாண்டா ஆகியோர் பிரிஸ்பேன் குறித்து எழுதிய கட்டுரையில் கணக்கு தெளிவாக வந்தது: வேலியில்லாத குளத்தில் குழந்தை மூழ்கும் ஆபத்து, வேலியுள்ள குளத்தைவிட 3.76 மடங்கு. 1998-ல் தாம்சன், ரிவாரா ஆகியோர் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது இன்னொரு விடையும் கிடைத்தது. மனையைச் சுற்றிய வேலியோடு ஒப்பிட்டால், குளத்தை நான்கு புறமும் தனிமைப்படுத்தும் வேலி ஆபத்தை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைக்கிறது.

காரணம் எளிது. மூன்று புறம் வேலி, நான்காம் புறம் வீடு என்றால், வேலியின் கதவு என்பது உண்மையில் வீட்டின் பின்கதவு. அதை ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறோம், எத்தனை முறை சாத்த மறக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளையா, பூந்தோட்டமா

ஆய்வு சொன்னதைச் சட்டம் உடனே கேட்டுவிடவில்லை. தெற்கு ஆஸ்திரேலியா 1972-லேயே நீச்சல்குளப் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. நியூசிலாந்து 1987-ல் நாடு முழுமைக்குமான வேலிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டம் குளத்தையும் அதை ஒட்டிய 'உடனடிப் பகுதி'யையும் வேலிக்குள் வைக்கச் சொன்னது. அந்த உடனடிப் பகுதி எதுவரை என்பதில் நகராட்சிகளும் வீட்டுக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். துணி காயப்போடும் கொடியும் காய்கறிப் பாத்தியும் வேலிக்குள் வரலாமா என்பதெல்லாம் விவாதமாயிற்று. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் கேள்வி முக்கியமானது. துணி எடுக்க அடிக்கடி போகும் வழியில் கதவு இருந்தால் அது திறந்தே கிடக்கும்.

பெரிய போராட்டம் நடந்தது சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். அங்கே 1990-ல் வந்த சட்டம், புதிய குளங்களுக்கு மட்டுமின்றி ஏற்கெனவே இருந்தவற்றுக்கும் நாற்புற வேலியைக் கட்டாயமாக்க முனைந்தது. குளம் வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். தோட்டத்தின் அழகு கெடும், செலவு அதிகம், எங்கள் வீட்டில் சிறு குழந்தைகளே இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு, பழைய குளத்துக்குப் புதிய சட்டம் போடுவது அநியாயம் என்ற குரல்கள் எழுந்தன. குழந்தை மருத்துவர்களும் பொதுச் சுகாதார அமைப்புகளும் எதிர்ப்புறம் நின்று வாதாடினார்கள். வென்றது முதல் தரப்பு. 1992-ல் வந்த மாற்றுச் சட்டம், 1990 ஆகஸ்டு 1-க்கு முன் கட்டப்பட்ட குளங்களுக்கு விலக்கு அளித்தது. அவர்கள் வேலிக்குப் பதிலாக, குளத்தை நோக்கித் திறக்கும் வீட்டுக் கதவுகளையும் சன்னல்களையும் குழந்தை திறக்க முடியாதபடி அமைத்தால் போதும் என்றாயிற்று.

இந்தத் தோல்வியைப் பற்றி கேரி, சாப்மன், காஃப்னி ஆகிய மூவர் 1994-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். 'குழந்தைகளின் உயிரா, தோட்டத்தின் அழகா?' என்பது அதன் தலைப்பின் பொருள். எதிர்த்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று இதைப் படித்துவிடக்கூடாது. தன் வீட்டில் அது நடக்காது என்று நம்புவது மனித இயல்பு. குளக்கரையில் பேரப்பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்த்திருக்கும் தாத்தாவுக்கு, அங்கே சட்டம் வந்து கம்பி நடுவது அவமதிப்பாகத்தான் தோன்றும். வேலி தடுத்து நிறுத்திய குழந்தையை யாரும் பார்ப்பதில்லை. வேலி மறைத்த பூச்செடியைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது. இத்தகைய போட்டியில் புள்ளிவிவரம் தோற்பது இயல்பே.

குயின்ஸ்லாந்தில் வேலிச் சட்டம் 1991 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கட்டிய ஆண்டைப் பொறுத்து விதிகள் மாறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பதினொரு வெவ்வேறு தரநிலைகள் நடப்பில் இருந்தன. 2010 டிசம்பரில் தொடங்கிய சீர்திருத்தம் அவற்றை ஒன்றாக்கியது. பழைய குளங்கள் உட்பட எல்லாமே 2015 நவம்பர் இறுதிக்குள் புதிய தரநிலைக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைத்தது.

வேலியின் அளவுகள்

ஆஸ்திரேலியத் தரநிலையில் உள்ள ஒவ்வோர் அளவும் ஒரு குழந்தையின் உடலையும் புத்தியையும் வைத்து எழுதப்பட்டது. உயரம் 1200 மில்லிமீட்டர், ஏனெனில் அதற்குக் குறைந்தால் நான்கு வயதுக் குழந்தை ஏறிவிடும். கம்பிகளுக்கிடையேயும் தரைக்கும் வேலிக்கும் இடையேயும் இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தலை நுழைந்தால் உடலும் நுழையும். வேலியை ஒட்டிய 900 மில்லிமீட்டர் பரப்பில் காலூன்றி ஏற உதவும் எதுவும் இருக்கக்கூடாது. பூந்தொட்டி, நாற்காலி, பம்பு, மரக்கிளை எதுவும் கூடாது. கதவு குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறக்க வேண்டும். குழந்தை உள்ளே போக நினைத்துச் சாய்ந்து தள்ளினால் கதவு இன்னும் இறுக மூடும் என்பது கணக்கு. தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி 1500 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கதவை எந்த நிலையில் விட்டாலும் தானாகச் சாத்திக்கொண்டு தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும்.

குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக்கூடிய எதுவும் குளம்தான். கடையில் பெட்டியில் வாங்கி, காற்றடித்து நிரப்பும் ரப்பர் குளத்துக்கும் இது பொருந்தும். குளத்தின் விலையைவிட வேலியின் விலை பன்மடங்கு என்பதால், விதியை அறியாதவர்களும் அறிந்தே மீறுபவர்களும் அதிகமாக இருப்பது இந்த இடத்தில்தான்.

பிரான்சு வேறு வழியில் போனது. 2003 ஜனவரி 3-ன் சட்டம், தரைக்குள் கட்டப்பட்ட தனியார் குளங்களுக்கு வேலி, எச்சரிக்கை மணி, மூடி, கூரையுடன் கூடிய உறை ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றை வைக்கச் சொன்னது. புதிய குளங்களுக்கு 2004 முதலும், பழைய குளங்களுக்கு 2006 முதலும் கட்டாயம். மீறினால் 45,000 யூரோ வரை அபராதம். உரிமையாளருக்குத் தெரிவு தருவதால் எதிர்ப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் நான்கும் சமமானவை அல்ல. வேலி குழந்தையைத் தண்ணீருக்கு முன்பே நிறுத்துகிறது. நீரில் விழுந்ததை உணர்ந்து ஒலிக்கும் மணியோ விழுந்த பிறகுதான் ஒலிக்கத் தொடங்குகிறது.

வேலிக்கு உள்ளே இருந்த ஆபத்து

வேலி எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. நீந்தத் தெரிந்தவர்களையும் கொல்லும் ஆபத்துகள் குளத்துக்குள்ளேயே இருந்தன.

ஒன்று மின்சாரம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மின்னதிர்ச்சி மனித உடலை எவ்வாறு பாதிக்கிறது என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். 5 மில்லி ஆம்பியர் அளவு கசிவையே உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை 1961-ல் உருவாக்கினார். நம் எலக்ட்ரீஷியன்கள் ஈ.எல்.சி.பி., ஆர்.சி.சி.பி. என்று சொல்லும் கருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அமெரிக்க மின் விதித்தொகுப்பு இக்கருவியை முதன்முதலில் கட்டாயமாக்கிய இடம் குளியலறையோ சமையலறையோ அல்ல. 1968-ல், நீச்சல்குளத்தின் நீருக்கடி விளக்குகளுக்குத்தான்.

மற்றொன்று அடிவடிகால். குளத்து நீரைச் சுத்திகரிக்கும் பம்பு, அடியில் உள்ள வடிகால் வழியாக நீரை உறிஞ்சுகிறது. குளத்தில் ஒரே ஒரு வடிகால் இருந்து, அதன் மூடி உடைந்தோ தட்டையாகவோ இருந்தால், அதன் மீது படியும் உடல் வாயை முழுதாக அடைத்துவிடும். அப்போது குழாயில் உருவாகும் வெற்றிடம் உடலைப் பிடித்துக்கொள்ளும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயில் அரை வளிமண்டல அளவு அழுத்த வேறுபாடு ஏற்பட்டால், விசை சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். ஒருவர் கையால் இழுத்து விடுவிக்க முடியாது.

வட கரோலினாவில் இப்படிப் பிடிபட்டு ஐந்து வயதுச் சிறுமி மிகக் கடுமையான குடற்காயத்துடன் பிழைத்தாள். அவளுக்காக வாதாடி 1997-ல் 2.5 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்ற வழக்கறிஞர் ஜான் எட்வர்ட்ஸ் பின்னாளில் செனட்டர் ஆனார், 2004-ல் துணை அதிபர் பதவிக்கும் போட்டியிட்டார். 2002 ஜூனில் அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி, ஒரு விருந்து வீட்டின் வெந்நீர்த் தொட்டியில் வடிகாலில் சிக்கினாள். நன்றாக நீந்தத் தெரிந்த பெண். தாய் இழுத்தும் வரவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்தபோது வடிகால் மூடியே உடைந்துதான் உடல் மேலே வந்தது.

அந்தத் தாய் ஐந்தாண்டுகள் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார். மகளின் பெயரால் அமைந்த 'வர்ஜீனியா கிரேம் பேக்கர் குளப் பாதுகாப்புச் சட்டம்' 2007 டிசம்பர் 19-ல் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் கையெழுத்தைப் பெற்று, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. உறிஞ்சிப் பிடிக்காதபடி வடிவமைத்த வடிகால் மூடிகளை மட்டுமே விற்க வேண்டும், பொதுக் குளங்களில் அவற்றைப் பொருத்த வேண்டும் என்றது சட்டம். வீட்டுக் குளங்களைப் பொறுத்தவரை அது மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை காட்டுவதோடு நின்றது. முன்னாள் அமைச்சர் குடும்பத்துக்கே ஐந்தாண்டுகள் ஆயின என்பதைக் கவனிக்க வேண்டும்.

சான்றிதழ் காலம்

1992-ல் பின்வாங்கிய நியூ சவுத் வேல்ஸ், இருபது ஆண்டுகள் கழித்து வேறு வாசல் வழியாக வந்தது. 2012-ல் செய்த திருத்தத்தின்படி, மாநிலத்தின் ஒவ்வொரு குளமும் இணையப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். 2016 ஏப்ரல் 29 முதல், குளம் உள்ள வீட்டை விற்பவர் ஒப்பந்தத்தோடு குளத்தின் தகுதிச் சான்றிதழையோ, குறைகளைப் பட்டியலிட்ட சான்றையோ இணைத்தாக வேண்டும். இரண்டாவது வகையென்றால் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு வாங்குபவரைச் சேரும். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் காகிதம் இன்று பழகிப்போன ஒன்று. நியூசிலாந்து 2017 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை குளங்களைப் பரிசோதிக்கிறது.

தோட்டத்தின் அழகு கெடும் என்ற பழைய வாதத்துக்கு விடை சட்டத்திலிருந்து வரவில்லை, சந்தையிலிருந்து வந்தது. சட்டகம் இல்லாத கண்ணாடி வேலிகள் பரவின. இன்று அவை வீட்டு விற்பனை விளம்பரங்களில் கவர்ச்சியாகவே காட்டப்படுகின்றன. குழந்தை பிடித்து ஏறக் கம்பி இல்லை, வீட்டுக்குள்ளிருந்து குளமும் மறைவதில்லை. கீலும் தாழ்ப்பாளும் மட்டும் பழையபடிதான் தேய்கின்றன. மண் சற்று இறங்கினாலே கதவு ஒரு விரல் தாழ்ந்து கொக்கியில் மாட்டாமல் நின்றுவிடும். பரிசோதகர்கள் அடிக்கடி எழுதும் குறை இதுதான். பரிசோதனை நாளில் அவர் அளவுகோலைத் தொடுமுன் முதலில் கதவுக்குப் போவார். முழுதாகத் திறந்து விடுவார். பிறகு பாதி திறந்து விடுவார். கடைசியாகத் தாழ்ப்பாளின் மேல் மெல்லச் சாய்த்து வைத்துக் கையை எடுத்துவிட்டு, கொக்கி விழும் ஓசைக்குக் காத்திருப்பார்.